ஜெர்மன் கால்பந்து லீக்: பங்கு யாரிடம், வாக்கு யாரிடம்?

ஜெர்மன் கால்பந்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்து விழும். ஒன்று, “அங்கே கிளப்புகளில் 51 சதவீதம் ரசிகர்களுக்குச் சொந்தம்.” இன்னொன்று, “யார் ஆடினாலும் கடைசியில் பாயர்ன் மியூனிக்தான் ஜெயிக்கும்.” முதல் வாக்கியத்தில் கருத்து ஓரளவு சரி, கணக்கு தவறு. இரண்டாவது வாக்கியம் பதினோரு ஆண்டுகள் பலித்துவிட்டு 2024-இல் பொய்த்துப்போனது. இரண்டையும் சொல்பவர்களில் பலருக்கு அந்த லீக் எப்படி நடக்கிறது, ஒரு கிளப்பில் முடிவெடுப்பது யார் என்பது சரியாகத் தெரிவதில்லை. தெரிந்துகொண்டால் ஆட்டம் பார்க்கும் சுவையே வேறு. கால்பந்தே புதிது என்பவரும் பின்தொடரும்படி அடியிலிருந்து தொடங்குகிறேன்.

இறுதிப் போட்டி இல்லாத லீக்

உலகக் கோப்பையில் ஆடுவது ஜெர்மனியின் தேசிய அணி. அந்த நாட்டின் கிளப்புகள் ஆண்டு முழுவதும் தங்களுக்குள் ஆடும் முதல்நிலைத் தொழில்முறை லீக்கின் பெயர் புண்டஸ்லிகா. இரண்டும் வெவ்வேறு. புண்டஸ்லிகா கிளப்பில் ஜப்பான்காரரும் ஆடலாம், கனடாக்காரரும் ஆடலாம்.

மொத்தம் 18 கிளப்புகள். ஒவ்வொரு கிளப்பும் மற்ற 17 கிளப்புகளோடு சொந்த மைதானத்தில் ஒரு முறையும் எதிரணி மைதானத்தில் ஒரு முறையும் ஆடும். ஆக, 34 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1 புள்ளி, தோல்விக்கு ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடியும்போது புள்ளிப்பட்டியலில் முதலிடத்தில் இருப்பவரே சாம்பியன்.

ஐ.பி.எல். பார்த்துப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். இந்த லீக்கில் அரையிறுதியும் இறுதிப் போட்டியும் கிடையாது. ஆகஸ்டில் கோட்டைவிட்ட இரண்டு புள்ளி மே மாதத்தில் கோப்பையைப் பறித்துவிடும். புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள். ஓர் அணி போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவதுதான் அது. நாலு கோல் முன்னிலையில் இருக்கும் அணி ஐந்தாவது கோலுக்கு ஓடுவதன் காரணம் இதுவே.

2023 மே 27 அன்று நடந்ததைப் பாருங்கள். கடைசிச் சுற்று. டோர்ட்முண்ட் 70 புள்ளி, பாயர்ன் 68. சொந்த மைதானத்தில் மைன்ஸ் அணியை வென்றால் போதும், டோர்ட்முண்ட் சாம்பியன். ஆனால் 24 நிமிடங்களுக்குள் மைன்ஸ் இரண்டு கோல் போட்டுவிட்டது. இடையில் டோர்ட்முண்டுக்குக் கிடைத்த பெனால்டியும் வீணானது. அதே நேரத்தில் கொலோன் நகரில் பாயர்ன் முன்னிலையில் இருந்தது. 81-வது நிமிடத்தில் கொலோன் பெனால்டியில் சமன் செய்தது. அந்த நொடியில் டோர்ட்முண்ட் 1-2 எனத் தோற்றுக்கொண்டிருந்தது. ஆனாலும் பட்டியலில் 70-க்கு 69 என்று அதுதான் முதலிடம்! எட்டு நிமிடங்கள் கழித்து பாயர்னின் ஜமால் முசியாலா கோல் போட்டார். டோர்ட்முண்ட் 90 நிமிடத்துக்குப் பின் நடுவர் சேர்த்த நிமிடங்களில் 2-2 என்று சமன் செய்தும் பயனில்லை. இரு அணிகளுக்கும் 71 புள்ளி. கோல் வித்தியாசத்தில் கோப்பை பாயர்னுக்குப் போனது. 34 ஆட்டங்களும் கடைசியில் ஒரு கோலில் வந்து நின்றன. இறுதிப் போட்டி இல்லாத லீக்கில் பரபரப்பு எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த மாலைதான்.

இந்த அமைப்பு மிகப் பழையதல்ல. முன்பு நாடு பல மண்டல லீக்குகளாகப் பிரிந்து ஆடியது; மண்டலத்தில் முன்னணியில் வந்தவர்கள் பிறகு தேசியப் பட்டத்துக்கு மோதினார்கள். ஜெர்மன் கால்பந்துச் சங்கமான டி.எஃப்.பி. 1962 ஜூலையில் டோர்ட்முண்டில் கூடி ஒரே தேசிய லீக் வேண்டும் என்று முடிவெடுத்தது. 1963-இல் 16 கிளப்புகளோடு புண்டஸ்லிகா தொடங்கியது. அந்தப் பதினாறில் பாயர்ன் மியூனிக் இல்லை என்பதைக் கவனியுங்கள். மியூனிக் நகரிலிருந்து சேர்க்கப்பட்டது 1860 மியூனிக் என்ற வேறொரு கிளப். பாயர்ன் கீழ்நிலையில் ஆடி, 1965-இல்தான் மேலே வந்தது.

ஏற்றமும் இறக்கமும்

அப்படிக் கீழிருந்து மேலே வரும் வழி இன்றும் திறந்தே இருக்கிறது. புண்டஸ்லிகாவுக்குக் கீழே 18 கிளப்புகள் கொண்ட இரண்டாம் புண்டஸ்லிகா, அதற்குக் கீழே 20 கிளப்புகளின் மூன்றாம் லீக், அதற்கும் கீழே ஐந்து மண்டலப் பிரிவுகள் என்று கிராம அணி வரை இது இறங்கிக்கொண்டே போகும். ஐ.பி.எல். அணி கடைசி இடம் பிடித்தாலும் அடுத்த ஆண்டு அங்கேயே இருக்கும். புண்டஸ்லிகாவில் 17, 18-வது இடங்களில் முடிப்பவர்கள் நேராக இரண்டாம் லீக்குக்கு இறங்குவார்கள். அங்கே முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மேலே ஏறுவார்கள்.

16-வது இடத்தில் முடித்த அணி, இரண்டாம் லீக்கில் மூன்றாவதாக வந்த அணியோடு இரண்டு ஆட்டங்கள் ஆடவேண்டும். இதை ஜெர்மனியில் ரெலகட்சியோன் என்கிறார்கள். நடப்பு முறையில் இது 2009 முதல் நடக்கிறது. இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். வென்றவருக்கு மேல் லீக்கில் இடம்.

2024-இல் போஹும் என்ற கிளப்புக்கு அந்த நெருக்கடி வந்தது. முதல் ஆட்டத்தில் சொந்த ரசிகர்கள் முன்னால் டுசல்டார்ஃப் அணியிடம் 0-3 எனத் தோற்றது. போஹும் இறங்கிவிட்டது என்றே பலரும் எழுதினார்கள். நான்கு நாள் கழித்து எதிரணி மைதானத்தில் அதே 3-0 கணக்கில் திருப்பி அடித்தது. கூடுதல் நேரத்திலும் முடிவு வராமல் பெனால்டிக்குப் போய், 6-5 என்று தப்பியது. இறக்கம் என்பது மானப் பிரச்சினை மட்டுமல்ல. தொலைக்காட்சி வருமானம் சரியும், நல்ல வீரர்கள் விலகுவார்கள், அலுவலக ஊழியர்களுக்குக்கூட வேலை போகலாம். 1963 முதல் ஒருமுறையும் இறங்காமல் இருந்த ஹாம்பர்க் 2018-இல் இறங்கியது. திரும்பி ஏற ஏழு பருவங்கள் ஆயின.

மேலேயும் இதுபோல ஒரு கோடு உண்டு. வழக்கமாக முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள் ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடத் தகுதி பெறுவார்கள். அடுத்த ஓரிரு இடங்களுக்குச் சிறிய ஐரோப்பியப் போட்டிகள்.

லீக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று டி.எஃப்.பி. கோப்பை. இது தனிப் போட்டி, தோற்றால் வெளியேற வேண்டியதுதான். 64 அணிகள், அவற்றில் கீழ்நிலைப் பொழுதுபோக்கு அணிகளும் உண்டு. முதல் சுற்றில் அவை பெரிய கிளப்பைத் தங்கள் ஊர் மைதானத்துக்கே அழைத்து ஆடும். இறுதிப் போட்டி 1985 முதல் ஆண்டுதோறும் பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் நடக்கிறது. 2025-இல் மூன்றாம் லீக் அணியான பீலஃபெல்ட் நடப்புச் சாம்பியன் லெவர்குசனை அரையிறுதியில் வீழ்த்தி அங்கே வந்து நின்றது.

இதுவரை பார்த்தது: லீக்கில் 34 ஆட்டம், புள்ளியே முடிவு. மேலே நான்காம் இடத்திலும் கீழே பதினாறாம் இடத்திலும் ஒவ்வொரு கோடு. கோப்பை தனிக் கணக்கு.

கிளப் என்பது ஒரு சங்கம்

இனி முதல் வாக்கியத்துக்கு வருவோம். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பங்குத்தொகை கட்டியவர் உறுப்பினர். பொதுக்குழு கூடுகிறது, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறது. நூறு ரூபாய்ப் பங்கு வைத்திருப்பவருக்கும் பத்தாயிரம் ரூபாய்ப் பங்கு வைத்திருப்பவருக்கும் வாக்கு ஒன்றுதான். அதாவது, பணம் கூடுதலாகப் போட்டதற்காக அதிகாரம் கூடுவதில்லை.

ஜெர்மன் கிளப்பின் வேர் இதேபோன்ற ஒரு பதிவு பெற்ற சங்கம். அங்கே அதை ஃபெராயின் என்பார்கள். ஊர்க்காரர்கள் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினர் ஆவார்கள். அந்தச் சங்கத்தில் கால்பந்தோடு கைப்பந்து, ஜிம்னாஸ்டிக்ஸ், டேபிள் டென்னிஸ் பிரிவுகளும் இருக்கும். தலைவரை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் முளைத்தது. தொழில்முறைக் கால்பந்தில் கோடிக்கணக்கில் பணம் புரளத் தொடங்கியதும், சந்தாவை நம்பி நடக்கும் சங்கம் அதைத் தாங்குமா என்ற கேள்வி வந்தது. 1998-இல் டி.எஃப்.பி. ஒரு வழி திறந்தது: சங்கம் தன் தொழில்முறை அணியை மட்டும் தனி நிறுவனமாகப் பிரித்துக்கொள்ளலாம், அந்த நிறுவனத்தின் பங்குகளை வெளியாருக்கு விற்கலாம். ஆனால் ஒரு பூட்டும் போட்டது. அந்தப் பூட்டின் பெயர்தான் ‘50+1 விதி’.

50+1: எண்ணப்படுவது வாக்கு

நிறுவனத்தின் வாக்குகளில் பாதியும், அதற்கு மேல் ஒரு வாக்கும் தாய்ச் சங்கத்திடம் இருக்கவேண்டும் என்பதே விதி. கவனியுங்கள், விதி பேசுவது வாக்கைப் பற்றி. பங்கில் பெரும்பகுதியைக்கூட வெளியாருக்கு விற்கலாம், முடிவெடுக்கும் உரிமையை விற்கக் கூடாது. ‘51 சதவீதம் ரசிகர்களுக்குச் சொந்தம்’ என்ற பேச்சு பிழையாவது இந்த இடத்தில்தான்.

ஹெர்தா பெர்லின் கிளப்பில் நடந்ததைப் பார்த்தால் இது கண்முன் விளங்கும். லார்ஸ் வின்ட்ஹோர்ஸ்ட் என்ற முதலீட்டாளர் 2019-இல் தொடங்கி 37.4 கோடி யூரோ கொட்டினார். நிறுவனப் பங்குகளில் சுமார் 65 சதவீதம் அவர் கைக்கு வந்தது. வேறு நாடுகளின் லீக்குகளில் அந்த அளவு பங்கு வைத்திருப்பவர்தான் முதலாளி. தலைவரை நியமிப்பார், பயிற்சியாளரை மாற்றுவார். ஹெர்தாவில் அவரால் அது முடியவில்லை. 2022 ஜூனில் தலைவர் பதவிக்குத் தேர்தல் வந்தபோது உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தது கை பெர்ன்ஸ்டைன் என்பவரை. ஒரு காலத்தில் ரசிகர் மேடையில் நின்று கோஷம் எழுப்பிய ‘அல்ட்ரா’, அதாவது தீவிர ஆதரவாளர் குழுவைச் சேர்ந்தவர் அவர். பிறகு வின்ட்ஹோர்ஸ்ட் தன் பங்குகளை விற்றுவிட்டு விலகினார். பணம் அத்தனை பெரிது, வாக்கு இத்தனை வலிது.

மற்றொரு முனையில் பாயர்ன் மியூனிக். அதன் நிறுவனத்தில் 75 சதவீதப் பங்கு தாய்ச் சங்கத்திடமே இருக்கிறது. எஞ்சிய 25 சதவீதத்தை அடிடாஸ், ஆடி, அலையன்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் சமமாக வைத்திருக்கின்றன. பெரும் பணக்காரக் கிளப் என்று பெயர் வாங்கிய பாயர்ன்தான் சொத்தைச் சங்கத்தின் கையில் பெரும்பாலும் வைத்துக்கொண்ட கிளப்புகளில் ஒன்று என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும்.

விதிவிலக்குகளும் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து ஒரு கிளப்பைத் தாங்கிய நிறுவனமோ தனிநபரோ சிறப்பு அனுமதி பெற முடிந்தது. லெவர்குசன் 1904-இல் பாயர் மருந்து நிறுவனத் தொழிலாளர்கள் தொடங்கிய கிளப். இன்றும் அந்த நிறுவனத்துக்கே சொந்தம். பாயர் என்ற இந்த நிறுவனத்துக்கும் பாயர்ன் மியூனிக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வுல்ஃப்ஸ்பர்க் கிளப் வோக்ஸ்வாகனுடையது. ஹோஃபன்ஹைமில் எஸ்.ஏ.பி. மென்பொருள் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான டீட்மார் ஹோப் பெரும்பான்மை வாக்கு வைத்திருந்தார்; 2023-இல் அதைத் தாய்ச் சங்கத்துக்கே திருப்பிக் கொடுத்தார்.

லைப்சிக் வேறு ரகம். 2009-இல் ரெட் புல் குளிர்பான நிறுவனம் ஒரு சிறு கிளப்பின் இடத்தை வாங்கி, ஐந்தாம் நிலையிலிருந்து ஏழே ஆண்டுகளில் புண்டஸ்லிகாவுக்குக் கொண்டுவந்தது. காகிதத்தில் அதுவும் ஒரு சங்கம்தான். ஆனால் வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் சில டஜன் பேர்கூடத் தேறமாட்டார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் ரெட் புல்லோடு தொடர்புள்ளவர்கள். விதியின் எழுத்து காப்பாற்றப்பட்டிருக்கிறது, உயிர் போய்விட்டது என்றே நான் கருதுகிறேன். மற்றக் கிளப்புகளின் ரசிகர்கள் லைப்சிக்மீது காட்டும் கோபத்தை வெறும் பொறாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது.

டென்னிஸ் பந்துகள் விழுந்த குளிர்காலம்

முதல் இரண்டு லீக்குகளின் 36 கிளப்புகளும் சேர்ந்த கூட்டமைப்பின் பெயர் டி.எஃப்.எல். அட்டவணை, ஒளிபரப்பு உரிமை, உரிமம் எல்லாம் இதன் பொறுப்பு. 2023 டிசம்பரில் இந்த அமைப்பு ஒரு திட்டத்தை வாக்கெடுப்புக்கு விட்டது: இருபது ஆண்டு ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்து, சுமார் 100 கோடி யூரோ பெறுவது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. 36-இல் 24 வாக்கு விழுந்தது. ஒன்று குறைந்திருந்தாலும் திட்டம் தோற்றிருக்கும்.

வாக்கெடுப்பு ரகசியமானது. ஹானோவர் கிளப்பின் தாய்ச் சங்கம், வாக்களிக்கப்போன நிறுவன நிர்வாகியிடம் எதிர்த்து வாக்களிக்கச் சொல்லியிருந்தது. அந்த வாக்கு சொன்னபடி விழுந்ததா என்ற சந்தேகம் கிளம்பியது. விழவில்லை என்றால் 50+1 மீறப்பட்டதாகிறது. ரசிகர்கள் பொறுக்கவில்லை. வாராவாரம் ஆட்டத்தின் நடுவே நூற்றுக்கணக்கான டென்னிஸ் பந்துகள் மைதானத்தில் வந்து விழுந்தன. வீரர்கள் அவற்றைப் பொறுக்கி எடுக்கும்வரை நடுவர் ஆட்டத்தை நிறுத்திவைப்பார். சில இடங்களில் புகை கக்கும் ரிமோட் பொம்மைக் கார்களைப் புல்வெளியில் ஓட்டினார்கள். எவர்மீதும் கைவைக்காமல், ஒளிபரப்பு நேரத்தை மட்டும் கெடுத்தார்கள். விற்கப்படவிருந்ததும் ஒளிபரப்புதானே. 2024 பிப்ரவரியில் டி.எஃப்.எல். திட்டத்தைக் கைவிட்டது. ஒரு தேசத்தின் முழு லீக்கையும் பார்வையாளர்கள் பின்வாங்கவைத்த இந்தச் செய்தி, அந்த ஆண்டின் எந்தக் கோலையும்விடப் பெரியது என்று நம்புகிறேன்.

ஆக, இரண்டாம் பகுதியின் சாரம்: பங்கு வேறு, வாக்கு வேறு. வாக்கு சங்கத்திடம். விதிவிலக்கும் உண்டு, குறுக்குவழியும் உண்டு, காவலும் உண்டு.

உரிமம், நிற்கும் மேடை

களத்தில் இடம் பிடித்தால் மட்டும் போதாது. ஒவ்வோர் ஆண்டும் கிளப் தன் கணக்கைக் காட்டி, வரும் பருவத்தை நடத்தப் பணம் இருக்கிறது என்று நிரூபித்தால்தான் ஆட உரிமம் கிடைக்கும். 1995-இல் டிரெஸ்டன் அணி உரிமம் மறுக்கப்பட்டு மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. 1966-இல் சாம்பியனாக இருந்த அதே 1860 மியூனிக், 2017-இல் மூன்றாம் லீக் உரிமத்துக்கான பணம் வந்துசேராததால் நான்காம் நிலைக்குப் போய் விழுந்தது.

உறுப்பினர்கள் கையில் வாக்கு இருப்பதன் விளைவை மைதானத்தில் கண்ணால் பார்க்கலாம். இங்கிலாந்தின் மேல்நிலை மைதானங்களில் 1990-களில் நிற்கும் மேடைகளை எடுத்துவிட்டு நாற்காலி போட்டார்கள். ஜெர்மனியில் குறைந்த விலை டிக்கெட்டில் நின்று பார்க்கும் மேடை நிலைத்துவிட்டது. டோர்ட்முண்ட் மைதானத்தின் தெற்கு மேடையில் மட்டும் 24,454 பேர் நிற்கலாம். எல்லோரும் மஞ்சள் அணிந்து வருவதால் ‘மஞ்சள் சுவர்’ என்று பெயர். பல கிளப்புகளில் ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் அன்றைய உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் இலவசமாகப் போய்வரலாம். பெர்லினின் யூனியன் கிளப் பணமின்றித் தவித்தபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆதரவாளர்கள் 2008, 2009-இல் சம்பளம் வாங்காமல் வேலைசெய்து மைதானத்தைப் புதுப்பித்தார்கள். பத்து ஆண்டுகளில் அந்தக் கிளப் புண்டஸ்லிகாவுக்கு ஏறியது.

பிறகு ஏன் பாயர்னே ஜெயித்தது?

2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 பட்டங்கள். இதில் ஒளிக்க எதுவும் இல்லை. சாம்பியன்ஸ் லீக்கில் ஆண்டுதோறும் ஆடுபவருக்கு ஆண்டுதோறும் கூடுதல் பணம். அந்தப் பணத்தில் நல்ல வீரர்கள். அவர்களால் மீண்டும் சாம்பியன்ஸ் லீக். எதிராளியின் சிறந்த வீரரையே வாங்கிக்கொள்ளவும் அது உதவியது: டோர்ட்முண்டிலிருந்து லெவன்டோவ்ஸ்கி 2014-இல் பாயர்னுக்குப் போனார். 50+1 இதில் ஒரு பங்கு வகிக்கிறது என்ற விமர்சனத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். வெளியிலிருந்து ஒரு பெரும் பணக்காரர் வந்து இரண்டாமிடத்துக் கிளப்பைத் தூக்கிவிட விதி இடம் தருவதில்லை. 2023-24 பருவத்தில் பாயர்னின் வரிசையை உடைத்தது விதிவிலக்குக் கிளப்பான லெவர்குசன். ஷாபி அலோன்சோவின் பயிற்சியில் 28 வெற்றி, 6 டிரா, ஒரு தோல்வியும் இல்லை. அடுத்த ஆண்டே பட்டம் பாயர்னிடம் திரும்பியது.

இருந்தும் என் ஓட்டு அந்த விதிக்கே. கோப்பை யாருக்கு என்பது லீக்கின் ஒரு வரி. ஒரு ஊர்க்காரர் தன் கிளப்பின் பொதுக்குழுவில் எழுந்து நின்று கேள்வி கேட்க முடிகிறதா என்பது அதைவிட முக்கியமான வரி.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

சனிக்கிழமை ஜெர்மன் நேரம் பிற்பகல் 3.30. இந்திய, இலங்கை நேரப்படி கோடையில் இரவு 7 மணி, குளிர்காலத்தில் 8 மணி. பெரும்பாலான வாரங்களில் ஐந்து ஆட்டங்கள் அப்போது ஒன்றாகத் தொடங்கும். முதலிடத்து அணியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் யோசனை. பட்டியலின் கீழ்ப்பாதியில் ஒரு கிளப்பை எடுத்துக்கொண்டு, அது சங்கத்தின் கையில் இருக்கிறதா, நிறுவனத்தின் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு 4-க்கும் 5-க்கும் இடையிலும், 15-க்கும் 16-க்கும் இடையிலும் மனதில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். 34-வது சுற்றில் ஒன்பது ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். எந்த ஊரில் கோல் விழுந்தால் யார் தப்புவார், யார் ரெலகட்சியோன் ஆடப்போவார் என்பதை அன்று நீங்களே கணக்குப் போட்டுவிடுவீர்கள்.